வாழ்வே எழுத்து என்ற வழி: புங்குடுதீவு மூவரின் நிறையும் குறையும்

யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவு ஈழத்து எழுத்துக்கு மூன்று பெரிய பெயர்களைத் தந்திருக்கிறது. மு. தளையசிங்கம் 1935 இல் பிறந்து 1973 இல் மறைந்தார். அவருடைய தம்பி மு. பொன்னம்பலம் 1939 இல் பிறந்து 2024 வரை வாழ்ந்தார். சு. வில்வரத்தினம் 1950 இல் பிறந்து 2006 இல் காலமானார். மூவரும் ஒரே ஊரார், ஒரே சிந்தனை மரபில் வந்தவர்கள், உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவர்கள். ஒருவருக்கு நாற்பது வயது கிடைக்கவில்லை. இன்னொருவர் எண்பதைத் தாண்டியும் எழுதினார். வேலை, குடும்பம், ஊர், போர் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கலைஞர் தன் படைப்பாற்றலை எப்படி நலத்தோடு வைத்திருப்பது என்று கேட்கிற இளையோருக்கு, இந்த மூவரின் வாழ்வும் நூல்களும் சேர்ந்து சொல்லும் பதில் பெறுமதியானது. அந்தப் பதிலில் ஆபத்தும் உண்டு. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்த மரபின் மூலவர் தளையசிங்கம். பேராதனையில் பொருளியல் படித்துப் பட்டம் பெற்று ஆசிரியரானவர். தன் இருபதுகளின் கடைசியிலேயே ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ என்ற தொடரில் அன்றைய ஈழத்து எழுத்தாளர் அனைவரையும் நிறுத்து எடைபோட்டார். மார்க்சியச் சார்புள்ள முற்போக்கு எழுத்தாளர் அணி உச்சத்தில் இருந்த காலம் அது. அவர்களுடைய சமூக அக்கறையை அவர் மறுக்கவில்லை. மனிதரின் அகவாழ்வுக்கு அவர்களிடம் இடமில்லை என்பதே அவர் குறை. 1965 இல் ‘புதுயுகம் பிறக்கிறது’ சிறுகதைத் தொகுதியும் 1970 இல் ‘போர்ப்பறை’யும் வந்தன. ‘மெய்யுள்’ அவர் மறைந்த மறு வருடம் வந்தது.

‘மெய்யுள்’ ஒரு நூலின் பெயர். அவர் கனவு கண்ட புதிய இலக்கிய உருவத்தின் பெயரும் அதுவே. கதை, கட்டுரை, தன்வரலாறு, தத்துவம் என்ற வேலிகளை அகற்றி, எழுதுபவரின் உண்மையான வாழ்வையே எழுத்தின் உடலாக்குவது அதன் நோக்கம். இனி வரும் யுகத்தில் கலை ஒரு சிலரின் தனிச்சொத்தாக இராது, ஒவ்வொருவர் செய்யும் தொழிலும் கலையாகும் என்று அவர் நம்பினார். சாதாரண மனத்தைக் கடந்த பேர்மனம் பற்றிய அரவிந்தரின் சிந்தனையும் எல்லோர் நலனையும் நாடும் காந்தியின் சர்வோதயமும் மார்க்சியத்தின் சமத்துவக் கனவும் அவருக்குள் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்தன. சொன்னதை வாழ்ந்தும் காட்ட முயன்றார். ஊரில் சர்வோதய இயக்கத்தை நடத்தினார், ‘சத்தியம்’ இதழை வெளியிட்டார்.

இந்த வழியின் முதல் பலம் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்வது. ஈழத்தில் எழுதிச் சோறு தின்றவர் யார்? நூலைப் பெரும்பாலும் எழுதியவரே கைக்காசு போட்டு அச்சிடுவார். வெளியீட்டு விழாவில் உறவினரும் நண்பரும் என்வலப்பில் வைத்துத் தரும் பணத்தில் அச்சகக் கடன் தீர்ந்தால் அதுவே வெற்றி. இப்படிப்பட்ட நிலத்தில் எழுத்தை வருமானத்தோடோ புகழோடோ கட்டிப்போட்டவர் இரண்டாவது நூலோடு ஓய்ந்துவிடுவார். எழுத்தை வாழ்வின் தேடலோடு கட்டியவருக்கு அந்த ஏமாற்றம் இல்லை. சம்பளம் வீட்டைப் பார்த்துக்கொள்ளும். எழுத்து யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. காஃப்கா 1908 தொடக்கம் 1922 வரை பிராக் நகரத் தொழிலாளர் காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தபடி இரவில் எழுதினார், அந்த வேலையை வாழ்நாளெல்லாம் நொந்துகொண்டார். தளையசிங்கத்தின் கொள்கைப்படி அந்த நோவுக்கு அடிப்படையே இல்லை. பாடசாலையும் படைப்பும் ஒரே வாழ்வின் இரு முகங்கள். மனம் இரண்டாகப் பிளந்து கிடப்பதால் வரும் களைப்புக்கு இது நல்ல மருந்து. நம் காலத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு எழுதும், வரையும், பாடும் எவரும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

குறை எங்கே? அதே கொள்கை கலைஞருக்கு ஓய்வு என்ற ஒன்றையே விட்டுவைக்கவில்லை. வாழ்வு முழுவதும் தவமும் போராட்டமும் என்றால், சும்மா இருக்கும் நேரம் குற்றமாகிவிடும். ஒரு கதையை எழுதி, ஒரு வருடம் மூடி வைத்து, திரும்ப எடுத்துத் திருத்தும் பொறுமைக்கு அங்கே இடம் குறுகுகிறது. நூல்களை அடுத்தடுத்து வாசிப்பவருக்கு இது தெரியும். ‘தொழுகை’, ‘கோட்டை’ போன்ற கதைகளில் மனிதரின் உடலும் வேட்கையும் குற்றவுணர்வும் உயிரோடு அசைகின்றன. அங்கே தளையசிங்கம் எதையும் நிரூபிக்க வரவில்லை. பிற்கால எழுத்தில் சிந்தனை மலையளவு உயர்கிறது, மாந்தர் அதன் நிழலில் மெலிந்துபோகிறார்கள். மெய்யுள் என்ற உருவம் இன்றுவரை ஒரு மகத்தான திட்டமாகவே நிற்கிறது. அதை எழுதித் தேய்த்துப் பழக்கத்துக்குக் கொண்டுவர அவருக்கு இன்னும் இருபது வருடம் வேண்டியிருந்தது. ‘ஒரு தனி வீடு’ நாவல் 1984 இல், அவர் இறந்து 11 வருடம் கழித்தே நூலானது.

அந்த இருபது வருடம் ஏன் கிடைக்கவில்லை என்று பேசும்போது 1971 ஐத் தொடாமல் போக முடியாது. புங்குடுதீவில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர். நல்ல தண்ணீர்க் கிணறு எங்கே இருக்கிறதோ அங்கே அதிகாரமும் இருக்கும். கண்ணகி அம்மன் கோயில் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்குத் தண்ணீர் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டது. தளையசிங்கம் அந்த மக்களோடு சேர்ந்து சத்தியாக்கிரகம் செய்தார். கைதானார், பொலிஸாரால் தாக்கப்பட்டார். இரண்டு வருடத்தில் அவர் இல்லை.

அவர் கிணற்றடிக்குப் போயிருக்கக் கூடாது என்று சொல்லும் துணிவு எவருக்கும் இருக்கக் கூடாது. குடிக்கும் தண்ணீருக்காக மனிதர் கெஞ்சி நிற்கும் ஊரில், கதையின் நடையைத் திருத்திக்கொண்டிருப்பது கலைக்கு நலம் என்று நான் எழுதமாட்டேன். என் கேள்வி வேறு. உலகத்தையும் பிரபஞ்சத்தையும் யுகங்களையும் கணக்கில் எடுத்த ஒரு தத்துவம், அதைச் சுமக்கும் மனிதரின் உடலைக் கணக்கில் எடுத்ததா? காயம்பட்ட தோழரை யார் பார்த்துக்கொள்வது, அவருடைய கையெழுத்துப் பிரதிகளை யார் காப்பது, அவர் குடும்பத்தை யார் தாங்குவது என்பவை இயக்கத்தின் வேலைகளாக எண்ணப்பட்டனவா? பாரதி 38 வயதில் போனார், புதுமைப்பித்தன் 42 இல், ஈழத்துக் கவிஞர் மஹாகவி 44 இல். இந்த வரிசையை நாம் பெருமையோடு சொல்லிப் பழகிவிட்டோம். தன்னை எரித்துக்கொள்வதே மேதைமையின் அடையாளம் என்ற நம்பிக்கை அதனால் இறுகியிருக்கிறது. புங்குடுதீவு வழி அந்த நம்பிக்கைக்கு ஆன்மிக நியாயமும் சேர்த்துவிட்டது.

இன்னொரு மௌனமும் உண்டு. இந்த வட்டத்தில் பேசப்படும் பெயர்கள் எல்லாம் ஆண்களுடையவை. வீட்டில் அடுப்பும் பிள்ளைகளும் யார் பொறுப்பில் இருந்தபோது தத்துவ விவாதங்கள் நடந்தன என்பது எங்கும் எழுதப்படவில்லை. ஒவ்வொருவர் தொழிலும் கலையாகும் என்ற வாக்குறுதி சமையலறை வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

வில்வரத்தினம் இதே மரபில் வளர்ந்தவர், தளையசிங்கத்தின் சர்வோதயத்தில் இளைஞராகச் சேர்ந்தவர். ஆனால் அவர் கை வேறு விதமாகப் பழகியது. ‘அகங்களும் முகங்களும்’ 1985 இல் வந்தது. ‘காற்றுவெளிக் கிராமம்’ 1995 இல். இடையில் பத்து வருடம். அந்தப் பத்து வருடத்துக்குள்தான் 1991 இல் புங்குடுதீவு வெறுமையானது. இராணுவம் தீவைக் கைப்பற்ற, சனங்கள் வீடுவாசலை விட்டு யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் சிதறினார்கள். ஆளற்ற ஊரும், அடைத்த கதவுகளும், அவற்றுக்குள் அலையும் காற்றுமே அந்தத் தொகுதி. அவசரப்பட்டு எழுதியிருந்தால் அது அறிக்கையாக முடிந்திருக்கும்.

அவரை நீண்ட காலம் தாங்கியது பாட்டு என்று நினைக்கிறேன். தன் கவிதையையும் பிறர் கவிதையையும் கூட்டங்களில் ராகத்தோடு பாடுவார். அச்சுக்குப் போகும் முன்பே கவிதை நண்பர்களின் காதில் வாழத் தொடங்கிவிடும். பதிப்பாளர் கிடைக்காத வருடங்களிலும் கேட்பவர் கிடைத்தார்கள். திருகோணமலையில் அரச பணியும் நண்பர் வட்டமும் பாட்டும் ஒன்றுக்கொன்று இடம்விட்டு நின்றன. அந்த வாழ்வு குருவின் கொள்கையை மீறவில்லை; அதற்கு மூச்சுவிட இடைவெளி கொடுத்தது. 2001 இல் ‘உயிர்த்தெழும் காலத்துக்காக’ என்ற பெருந்தொகுப்பு வந்தபோது, ஈழத்துக் கவிதை அவரைத் தவிர்த்துப் பேச முடியாத இடத்துக்கு வந்திருந்தது.

பொன்னம்பலத்தின் வழி மூன்றாவது. 1968 இல் ‘அது’ கவிதைத் தொகுதி. பிறகு சிறுகதை, நாவல், விமர்சனம், சிறுவர் பாடல், 1989 இல் தொடங்கிய ‘திசை’ வார இதழின் ஆசிரியப் பொறுப்பு என ஒரு வடிவம் வறண்டபோது இன்னொன்றுக்குப் போனார். விளைவு சமச்சீரானதல்ல. அவருடைய நாவல்களில் தர்க்கம் கதையை அமுக்குகிறது. அண்ணனின் விளக்கவுரையாளர் என்ற பெயரும் அவரை விடவில்லை. ஆனால் அண்ணனின் எழுத்து மறக்கப்படாமல் இருந்ததில் இந்த நீண்ட ஆயுளுக்குப் பெரும் பங்கு உண்டு. நீடித்திருப்பதும் ஒரு கலைத்தொண்டு. அதை நம் விமர்சனம் மதிக்கக் கற்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க யாழ்ப்பாண நகரத்தில் ஒருவர் இருந்தார். டொமினிக் ஜீவா சலூன் தொழிலாளி. 1966 இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி, கையில் சுமந்துகொண்டு தெருத்தெருவாக விற்று, 2012 வரை நடத்தினார். 93 வயதில் மறைந்தார். அவருடைய சிறுகதை இதழுக்குப் பின்னால் ஒதுங்கிப்போனது என்பது மெய்தான். ஆனால் நூற்றுக்கணக்கானோருக்கு முதல் கதை அச்சேறிய இடம் அது. தத்துவத்தைவிட அன்றாட ஒழுங்கு கலைஞரைத் தாங்கும் என்பதற்கு அவர் சான்று.

என் தீர்ப்பு இது. எழுத்தும் வாழ்வும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற தளையசிங்கத்தின் கோரிக்கை சரியானது. அதைக் கைவிட்ட எழுத்து வெறும் கெட்டித்தனமாகச் சுருங்கும். அந்த வாழ்வுக்குள் தூக்கமும் மருந்தும் லீவும் வீட்டு வேலையில் பங்கும் சேரவில்லை என்பதே தவறு. வில்வரத்தினத்தின் காத்திருப்பையும் பொன்னம்பலத்தின் மாறும் வடிவங்களையும் சேர்த்துக்கொண்டால்தான் அந்தக் கோரிக்கை மனிதர் தாங்கக்கூடியதாகும்.

கனடாவிலும் சுவிஸிலும் பிரான்சிலும் புங்குடுதீவுச் சங்கங்கள் இருக்கின்றன. கோயிலுக்கும் பாடசாலைக்கும் வாரிக் கொடுக்கிறவர்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மறைந்த எழுத்தாளருக்குச் சிலை வைக்கும் செலவில், உயிரோடு இருக்கும் ஓர் எழுத்தாளருக்கு, ஓவியருக்கு, கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கு ஆறு மாதச் சம்பளமும் வைத்தியச் செலவும் கொடுங்கள். அதில் முதலாவதை ஒரு பெண்ணுக்குக் கொடுங்கள்.