பட்டியல் யார் கையில்?

மரபுக் காப்புத் திட்டம் என்று ஒன்று தொடங்கினால் இப்போது கூடவே ஒரு செயலியும் வந்துவிடுகிறது. கோயிலோ குளமோ கூத்தோ, கைப்பேசியில் படமெடுத்து ஏற்றுங்கள் என்கிறார்கள். ஏறிய படங்களை எண்ணி, இது மக்களே நடத்தும் திட்டம் என்று அறிக்கையும் எழுதுகிறார்கள். கருவி எல்லோருக்கும் திறந்திருப்பதால் மரபின் மீதான உரிமையும் எல்லோருக்கும் வந்துவிட்டது என்பதே இதற்குச் சொல்லப்படும் வாதம். அது தவறான வாதம்.

இக்கருவிகளால் பயனில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2015இல் ஈராக்கின் மோசுல் அருங்காட்சியகச் சிலைகளைத் தீவிரவாதிகள் உடைக்கும் காணொளி வெளியானபோது, இளம் ஆய்வாளர்கள் இருவர் பலரும் முன்பு எடுத்து வைத்திருந்த படங்களைத் திரட்டி, உடைந்தவற்றுக்கு முப்பரிமாண வடிவம் கொடுக்கும் முயற்சியைத் தொடங்கினார்கள். 2018 செப்டம்பர் 2 அன்று ரியோ டி ஜெனீரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்ததும், அந்நகரின் அருங்காட்சியகவியல் மாணவர்கள் பார்வையாளர்களிடமிருந்து படங்களைக் கேட்டு வாங்கினார்கள். கணினியும் கைப்பேசியும் இல்லாத காலத்தில் இவை நடந்திருக்காது.

ஆனால் ரியோவில் மிஞ்சியது எது என்று பார்க்க வேண்டும். அங்கே ஏறத்தாழ 2 கோடிப் பொருள்கள் இருந்தன. மக்கள் பார்வைக்கு வைத்திருந்தது அதில் மிகச் சிறிய பகுதி; பார்வையாளரின் படங்களில் இருந்ததும் அந்தச் சிறு பகுதியே. பேசுவோர் அற்றுப்போன பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகள் இருந்த பிரிவும் அன்று எரிந்தது. அவை பொதுமக்கள் போய்ப் பார்க்கும் இடத்தில் இருந்தவை அல்ல. எதைக் காட்டுவது என்று நிறுவனம் முன்பே முடிவு செய்திருந்தது. மக்களின் பங்கு அந்த முடிவுக்குப் பிறகுதான் தொடங்கியது.

என் மறுப்பு முழுவதும் இதில்தான் இருக்கிறது. இக்கருவிகள் மக்களை வேலையின் நடுவில் சேர்த்துக்கொள்கின்றன. எது மரபு என்று தீர்மானிக்கும்போது அவர்கள் இல்லை. சேர்ந்ததை யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று தீர்மானிக்கும்போதும் இல்லை.

'விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்' என்ற புகைப்படப் போட்டியை எடுத்துக்கொள்வோம். 2010இல் நெதர்லாந்தில் தொடங்கி, மறு ஆண்டே ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பரவி, பின்னர் இந்தியாவுக்கும் வந்தது. இத்துறையில் அதிகம் பாராட்டப்படும் முயற்சி அது. எந்தச் சின்னத்தைப் படமெடுக்கலாம் என்பதற்கு அங்கே ஒரு பட்டியல் உண்டு. சில நாடுகளில் தன்னார்வலர்களே அதை விரிவாக்கியிருக்கிறார்கள். இந்தியாவில் அதற்கு அடித்தளம் இந்தியத் தொல்லியல் துறையின் 3,600க்கும் மேற்பட்ட தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களும் மாநில அரசுகளின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களும்தான். அந்தத் தேசியப் பட்டியலுக்கு அடிப்படையான 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொன்மைச் சின்னமாக இருக்கக் குறைந்தது 100 ஆண்டுப் பழமை வேண்டும்.

இந்த அளவுகோலைப் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துப் புரவி எடுப்பின் மேல் வைத்துப் பாருங்கள். ஊர் கூடிக் குயவரான வேளாரிடம் பிடிமண் கொடுக்கிறது. அவர் குதிரை செய்து சுடுகிறார். திருவிழா நாளில் அதைத் தூக்கிக்கொண்டு போய் அய்யனார் கோயிலில் நிறுத்துகிறார்கள். முன்பு வைத்த குதிரைகள் வெயிலிலும் மழையிலும் உடைந்து மண்ணாகின்றன. யாரும் அவற்றை ஒட்டவைப்பதில்லை, ஒட்டவைக்கவும் கூடாது. செய்வதும் சுமப்பதும் சிதைய விடுவதும் மறுபடி செய்வதும் சேர்ந்ததுதான் அங்கே மரபு. 100 ஆண்டுப் பழமை கேட்கும் சட்டத்தின் கண்ணுக்கு நேற்றுச் சுட்ட குதிரை தெரியாது. அந்தச் சட்டத்தையொட்டிய பட்டியலை வைத்துக்கொண்டு, விரும்பியவர் யாரும் பங்கேற்கலாம் என்று அழைப்பதில் என்ன பொருள் இருக்கிறது? அந்த வேளாருக்கு அதில் சேர்க்க எதுவுமே இல்லை.

ஊரிடம் முடிவை விட்டால் ஆதிக்கச் சாதியின் குரல்தானே கேட்கும், திறந்த கருவியில் தலித் குடியிருப்பு இளைஞரும் படம் ஏற்றலாமே என்று கேட்பார்கள். அச்சம் நியாயமானது. ஆனால் அவர் தெருக் கோயிலும் அந்தப் பட்டியலில் இல்லை. ஊர் அவரை விலக்கியது போலவே பட்டியலும் விலக்கியிருக்கிறது.

படம் ஏறிய பின்னால் நடப்பது இன்னும் கடுமையானது. இப்படங்கள் சேரும் களஞ்சியங்கள் பெரும்பாலும், மற்றவர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கேட்கின்றன. அதைக் கொடுத்தவர் திரும்பப் பெற முடியாது. அந்த விக்கிப் போட்டிக்காக ஏற்றிய படத்தை யாரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். கட்டிடத்தின் படத்துக்கு இது பொருந்தும். சாமியாடும் ஒருவரின் முகத்துக்கும், குறிப்பிட்ட குடும்பம் மட்டுமே பார்க்க வேண்டிய ஒரு சடங்குக்கும் பொருந்தாது. படமெடுத்தவரிடம் ஒப்புதல் வாங்குகிறார்கள். படத்தில் இருப்பவருக்குப் பத்தாண்டு கழித்து மனம் மாறினால் அவர் கேட்டாலும் அது நீக்கப்படும் என்ற உறுதி இல்லை. அறிவு எல்லோருக்கும் பொது என்ற நல்ல கொள்கையை, தனக்கென்று கொஞ்சம் மறைத்து வைத்திருக்கும் மக்களின் மேல் திணிப்பது பறிப்பதுதான்.

வேறு வழி இல்லாமல் இப்படிச் செய்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக்கில் வாருமுங்கு மக்களும் ஆய்வாளர் கிம் கிறிஸ்டனும் சேர்ந்து 2007இல் 'முக்குர்ட்டு' என்ற ஆவணக் களஞ்சியத்தை உருவாக்கினார்கள். யார் எதைப் பார்க்கலாம் என்பதை உறவுமுறையும் பாலினமும் சடங்கு உரிமையும் தீர்மானிக்கும் சமூகம் அது. இறந்தவரின் படத்தைக் காட்டுவதற்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. அந்த விதிகளையே மென்பொருளின் அடித்தளமாக வைத்தார்கள். இன்று அந்த மென்பொருள் எந்தச் சமூகமும் தன் விதிகளை எழுதிக்கொள்ளும்படி இலவசமாகக் கிடைக்கிறது. அதன் வேலை மெதுவானது. ஒவ்வொரு படத்துக்கும் உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு மாதப் போட்டியில் குவியும் எண்ணிக்கையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

அந்த எண்ணிக்கையைத்தான் நிதி கொடுப்போர் கேட்கிறார்கள். அவர்கள் கேட்க வேண்டியவை வேறு: ஊரார் பட்டியலில் புதிதாகச் சேர்த்தவை எவை, எடுத்துவிடச் சொன்னவை எவை, சொன்னபடி அவை எடுக்கப்பட்டனவா? இதற்குப் பதில் இல்லாத திட்டத்தை மக்கள் திட்டம் என்று யாரும் அழைக்கக் கூடாது. அந்தப் பெயரில் பணமும் தரக் கூடாது.