சிற்றவையும் சுயாதீன இசையும்: மன்செஸ்ரர் நிகழ்ச்சியை முன்வைத்துச் சில குறிப்புகள்

மன்செஸ்ரர் நகரத்துப் பீற்றர் வீதியில் உள்ள பிறீ ரிறேட் மண்டபம் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழில் முதலாளித்துவத்தின் வெற்றிச் சின்னமாக எழுந்தது. தானிய இறக்குமதிச் சட்டங்கள் 1846இல் நீக்கப்பட்டமையைக் கொண்டாடும் முகமாக அது கட்டப்பெற்றது. கட்டப்பெற்ற நிலமோ, 1819இல் வாக்குரிமை கோரித் திரண்ட மக்கள்மீது குதிரைப்படை ஏவப்பட்ட பீற்றர்லூத் திடலாகும். ஹலே வாத்தியக் குழுவினர் நெடுங்காலம் இசைத்ததும், 1966இல் மின்கிற்றாருடன் மேடையேறிய பொப் டிலனை நோக்கி அவையிலிருந்து 'யூதாஸ்' என்ற குரல் எழுந்ததும் இம்மண்டபத்திலேதான். எனினும் சுயாதீன இசையின் வரலாற்றை எழுதுவோர் அதன் பெரிய கூடத்தை விடுத்து, மாடியில் இருந்த சிறிய கூடத்தையே சுட்டுவர். 1976 யூன் 4ஆம் திகதி மாலை அங்கு ஏறத்தாழ நாற்பது பேர் கூடியிருந்தனர்.

அவர்கள் கேட்க வந்த குழு செக்ஸ் பிஸ்ரல்ஸ். அப்போது அக்குழுவின் இசைத்தட்டு ஒன்றேனும் வெளிவந்திருக்கவில்லை. நிகழ்ச்சியை ஒழுங்கு செய்தோர் தொழில்முறை அமைப்பாளரும் அல்லர். போல்ரன் தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராயிருந்த ஹொவார்ட் டிவோட்டோவும் பீற் ஷெல்லியும் இசைப் பத்திரிகையொன்றில் வந்த சிறு விமர்சனத்தைப் படித்து, அவ்வாண்டு பெப்ரவரியில் தெற்கே சென்று அக்குழுவைக் கண்டு திரும்பியவர்கள். தம் ஊரிலும் அது பாட வேண்டும் என்று விரும்பினர். மண்டபத்தை வாடகைக்கு எடுத்தனர். நுழைவுச்சீட்டை 50 பென்சுக்கு விற்றனர். தாம் தொடங்கியிருந்த பஸ்கொக்ஸ் குழு மேடையேறும் நிலையில் இல்லாமையால், முதலிற் பாடுவதற்கு வேறொரு உள்ளூர்க் குழுவைத் தேடிப் பிடித்தனர்.

அன்றைய நிகழ்ச்சியை அவையிலிருந்த ஒருவர் கசெற்றிற் பதிவு செய்திருந்தார். 2016இல் பெருங் கம்பனியொன்று அப்பதிவை இசைத்தட்டுத் தொகுதியொன்றிற் சேர்த்து விற்பனைக்கு விட்டது. அதனைக் கேட்போர் ஏமாற்றம் அடைதல் கூடும். வாத்தியங்கள் ஒன்றையொன்று விழுங்குகின்றன. பாடகர் குரல் சுருதியைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. பாடல்களுட் பல அறுபதுகளில் வேறு குழுக்கள் பாடிப் புகழ் பெற்றவை. தூய இசையழகியல் நோக்கில் இந்நிகழ்ச்சியை உயர்ந்த அளிக்கை என்று கொள்ள இடமில்லை. ஆயின் அதன் முக்கியத்துவம் எங்குள்ளது?

வழமையாகக் கூறப்படும் விடை யாவரும் அறிந்ததே. அவையிலிருந்த பீற்றர் ஹுக் மறுநாளே பேஸ் கிற்றார் ஒன்றை வாங்கினார். அவரும் உடன்வந்த பேர்னாட் சம்னரும் பின்னர் ஜோய் டிவிஷன் குழுவின் தூண்களாயினர். மார்க் ஈ. ஸ்மித் 'த ஃபோல்' குழுவை அமைத்தார். மொறிசி 1982இல் 'த ஸ்மித்ஸ்' குழுவின் பாடகரானார். இச்செய்தி காலப்போக்கிற் புராணமாகிவிட்டது. அன்று அங்கிருந்ததாக உரிமை கோருவோர் தொகை அச்சிறு கூடத்தின் கொள்ளளவைப் பன்மடங்கு மீறும். யார் உண்மையில் வந்தனர் என்பதை ஆராய டேவிட் நோலன் ஒரு நூலே எழுத வேண்டியதாயிற்று. 2002இல் வெளிவந்த '24 அவர் பார்ட்டி பீப்பிள்' திரைப்படமும் இப்புராணத்திற்குக் கண்ணும் காதும் வைத்தது.

புராணத்தின் குறை அதன் மிகைப்படுத்தலில் மாத்திரம் இல்லை. அது தரும் விளக்கத்திலேயே உள்ளது. மேதைகள் சிலர் தற்செயலாக ஓரிடத்திற் கூடினர், மேடையிலிருந்து தெறித்த பொறி அவர்களைப் பற்றிக்கொண்டது என்பதே அவ்விளக்கம். கலையாக்கத்தைத் தனிமனித ஆற்றலாக மட்டும் காணும் பழைய நோக்கின் புதிய வடிவமே இது. மேடையிலிருந்தோரிடம் அத்தகைய ஆற்றல் இல்லாதிருந்தமையே அங்கு செயற்பட்ட காரணி என்று கொள்வது பொருத்தமாகும். பெருந்திடலில் இருபதினாயிரம் பேருடன் நிற்கும் ஒருவனுக்குக் கலைஞன் தொலைவில் தெரியும் ஓர் உருவம். ஒலிபெருக்கி வழியாக வரும் ஓசை எவ்வாறு உண்டாயிற்று என்பது அவனுக்குத் தெரியாது. சிறு கூடத்தில் முன்வரிசையில் இருப்பவனோ கிற்றாரில் விரல் வைக்கும் இடத்தைக் காண்கிறான். தவறு நேர்வதையும், தவறைப் பொருட்படுத்தாது பாடல் தொடர்வதையும் காண்கிறான். இசை அவனுக்கு ஒரு செய்பொருளாக, கைவினையாகப் புலப்படுகின்றது. 'இது என்னாலும் இயலும்' என்ற எண்ணம் அக்காட்சியிலிருந்தே பிறக்கின்றது.

ஜேர்மானிய விமர்சகர் வால்ரர் பெஞ்சமின் 1934இல் எழுதிய 'உற்பத்தியாளனாக எழுத்தாளன்' என்ற கட்டுரையில், நுகர்வோரை எந்த அளவுக்கு உற்பத்தியாளராக மாற்றுகின்றது என்பதைக் கொண்டு கலையின் கருவியமைப்பை மதிப்பிட முனைந்தார். அவர் மனதிற் கொண்டிருந்தவை சோவியத் பத்திரிகையும் பிரெக்ரின் அரங்குமாகும். எனினும் அவ்வளவுகோல் சிற்றவைக்கும் பொருந்தும்.

அம்மாற்றத்தின் முழுமையான சான்று, நிகழ்ச்சியை ஒழுங்கு செய்த அவ்விரு மாணவர்களின் அடுத்த செயலே எனலாம். பஸ்கொக்ஸ் குழு 1976 யூலை 20ஆம் திகதி அதே கூடத்தில் மேடையேறியது. டிசெம்பர் 28ஆம் திகதி நான்கு பாடல்களைப் பதிவு செய்தது. குடும்பத்தாரிடமும் நண்பரிடமும் கடன்பட்ட ஏறத்தாழ 500 பவுணைக் கொண்டு 1977 சனவரியில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்ற இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். முதலில் அச்சிடப்பட்ட ஆயிரம் பிரதிகள் விரைவில் தீர்ந்தன. பின்னர் பல்லாயிரம் விற்றன. சிறு கம்பனிகள் இசைத்தட்டு வெளியிடுவது அதற்கு முன்னரும் வழக்கில் இருந்ததுதான். இங்கு புதியது, பாடியோரே வெளியீட்டாளராகவும் இருந்தமை. அதனினும் கவனத்திற்குரியது அத்தட்டின் உறை. ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியிற் பதிவாயிற்று, அதன்மேல் எவை பின்னர் சேர்க்கப்பட்டன என்ற விபரங்கள் அதில் அச்சிடப்பட்டிருந்தன. சிறு கூடத்தில் விரலசைவைக் கண்டவன் பெற்ற அறிவை, அக்கூடத்திற்கு வராதவனுக்கும் அவ்வுறை எட்டச் செய்தது. இன்று 'இண்டி' என வழங்கும் சொல்லின் உட்பொருளைத் தேடுவோர் தொடங்கவேண்டிய இடம் அதுவே. பின்னாளில் அச்சொல் ஒருவகைக் கிற்றார் ஓசைக்கும் உடைப்பாணிக்கும் பெயராய்ச் சுருங்கிவிட்டது.

இவ்வரலாற்றை இலட்சியமயப்படுத்துதலும் தவறாகும். அதே 1977 ஓகஸ்டில், டிவோட்டோ விலகிய பின்னர், பஸ்கொக்ஸ் யுனைற்றட் ஆர்ட்டிஸ்ற்ஸ் என்ற பெருங் கம்பனியுடன் ஒப்பந்தஞ் செய்தது. ரொனி வில்சன் முதலியோர் 1978இல் தொடங்கிய பக்ரறி நிறுவனம், கலைஞருடன் இலாபத்தைச் சரிபாதியாகப் பகிர்ந்து, 1992இல் வங்குரோத்தாயிற்று. மேலும், நாற்பதின்மர் கதையில் மீள மீள எடுத்துரைக்கப்படும் பெயர்கள் யாவும் ஆண்களுடையவை. 'என்னாலும் இயலும்' என்ற உணர்வு பெண்ணொருத்திக்கு எழ, மேடையிற் பெண்கள் நிற்பதைக் காணுதல் வேண்டியிருந்தது. 1977இல் லண்டனில் 'த ஸ்லிற்ஸ்' குழுவைக் கண்ட பின்னரே தமக்கு அத்துணிவு வந்ததாக 'த றெயின்கோட்ஸ்' குழுவை அமைத்த ஜீனா பேர்ச் கூறியுள்ளார். யார் மேடையில் நிற்கிறார் என்பதும் சிற்றவையின் தாக்கத்தை நிர்ணயிக்கின்றது.

இவற்றையெல்லாம் இன்று வலியுறுத்த வேண்டியதன் காரணம், சிறுமையே ஒரு விற்பனைப் பண்டமாகிவிட்டமையாகும். 2009இல் லண்டன் வீடொன்றில் நண்பர் சிலர் தொடங்கிய 'சோஃபார் சவுண்ட்ஸ்' இதற்கு எடுத்துக்காட்டு. மதுச்சாலைகளில் பாடுவோரை எவரும் செவிமடுப்பதில்லை என்ற நியாயமான மனக்குறையே அதன் தோற்றுவாய். வீட்டின் முன்னறையில் தரையிலமர்ந்து, பேசாது கேட்பது என்ற ஒழுங்கு பாடகருக்கு மதிப்பளித்தது, அதனை மறுப்பதற்கில்லை. பின்னர் அது பல நாடுகளின் நகரங்களுக்குப் பரவியது. 2019இல் முதலீட்டாளரிடமிருந்து இரண்டரைக் கோடி டொலர் பெற்றது. அமெரிக்காவில் ஒரு குழுவுக்கு அது வழங்கும் கொடுப்பனவு வழமையாக 100 டொலரே என்ற செய்தி அவ்வாண்டிற் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. இடம் முதல் நாள் வரை இரகசியம். யார் பாடுவர் என்பதும் இரகசியம். 'அந்தரங்கம்' என்ற அனுபவத்திற்குச் சீட்டு விற்கப்படுகின்றது. அதனை உண்டாக்கும் பாடகர் இன்னார் என்பது வாங்குவோருக்குத் தெரியாது.

இரண்டு கூடங்களிலும் இருந்தோர் தொகை ஏறத்தாழ ஒன்றே. இரண்டிலும் கலைஞனின் விரல்கள் தெரிகின்றன. யூன் 4இல் மண்டபத்தைப் பிடித்து, சீட்டை விற்று, கணக்குப் பார்த்தோர் அவ்வேலைகளைச் செய்தே அவற்றைக் கற்றனர். அடுத்த மாதம் அதே மேடையில் ஏறினர். எட்டு மாதத்திற்குள் வெளியீட்டாளராயினர். முன்னறைக் கச்சேரியில் அவ்வேலைகள் யாவும் நிறுவனத்தின் வசம் உள்ளன. வந்தவர் கேட்டுக் களித்து வீடு திரும்புகின்றார். அடுத்த மாதம் இன்னொரு சீட்டு வாங்குகின்றார். பாடியவரோ கேட்டவர் எவரென அறியாமலே அடுத்த ஊருக்குச் செல்கின்றார்.

பிறீ ரிறேட் மண்டபத்தின் முகப்பு மாத்திரம் இன்றும் பீற்றர் வீதியில் நிற்கின்றது. அதன் பின்னால் 2004 முதல் ஒரு நட்சத்திர ஹோட்டல் நடைபெறுகின்றது.