உத்திரமேரூர் வெயிலுக்குக் கனடா அட்டவணை உதவுமா?

மூடிய இடத்தில் வளரும் செடி வெப்பத்தில் வாடினால் என்ன செய்வது என்று இணையத்தில் தேடிப் பாருங்க. கிடைப்பதில் கணிசமான பங்கு கஞ்சா வளர்ப்பவர்கள் எழுதியதாக இருக்கும். கனடாவில் 2018 அக்டோபரில் அது சட்டபூர்வமானது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியில்லாமல் வளர்த்தால் குற்றம். அதனால் அந்தச் செடியை விட்டுவிடுவோம். ஆனா உத்திரமேரூர் பக்கம் பசுமைக்குடில் போட்டுக் குடமிளகாய் வைக்க நினைப்பவர் கையிலும் அதே குறிப்புகள்தான் போய்ச் சேருது. என் விமர்சனம் அதைப் பற்றித்தான்.

அந்தக் குறிப்புகளில் அறிவியல் தப்பில்லை. காற்றின் சூட்டை மட்டும் பார்க்காதே, இலையின் சூட்டையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார் என்கிறார்கள். ரொம்பச் சரி. வேர் உறிஞ்சும் நீர் இலைத்துளை வழியாக ஆவியாகித்தான் செடி தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்று மிகவும் வறண்டால் துளை மூடிக்கொள்ளும், இலை கொதிக்கும்.

சிக்கல் எங்கே என்றால், சூடு எங்கிருந்து வருகிறது என்பதில். அவர்கள் அறையில் சூடு விளக்கிலிருந்து வருது. 600 வாட் விளக்கு என்றால் அதை உயர்த்திக் கட்டலாம், இரவில் எரியவிட்டுப் பகலில் அணைக்கலாம். ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும், போதும். நம்ம குடிலுக்கு விளக்கு சூரியன். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். அதில் 70 சதவீதம் உள்ளே வந்தாலே, 1,000 சதுர மீட்டர் குடிலுக்கு 7 லட்சம் வாட். ஏசி கணக்கில் 200 டன்! இதை உயர்த்திக் கட்ட முடியாது.

"விசிறியும் ஈரத்தட்டியும் வைங்க" என்பது அடுத்த யோசனை. ஜோத்பூரில் 40 டிகிரி, 20 சதவீத ஈரப்பதம் என்றால், ஈரத்தட்டி அதிகபட்சமாக 22 டிகிரி வரை இறக்கலாம். காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடல் பக்கம். 38 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்றால் எல்லை சுமார் 29. நடைமுறையில் அதையும் எட்டாது. இரவில் இன்னும் மோசம். தக்காளிக்கும் குடமிளகாய்க்கும் காய் பிடிக்க இரவு குளிர வேண்டும். இங்கே மே மாதத்தில் 27, 28க்குக் கீழே இறங்காத இரவுகள் உண்டு. செடி பச்சையாக நிற்கும், பூ கொட்டும்.

ஓசூரில் நல்லா வருதே என்று கேட்கலாம். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கு. உத்திரமேரூர் 100 மீட்டரைக்கூடத் தொடாது. குடில் ஒரே மாதிரி, ஊர் வேற.

பசுமைக்குடிலுக்குப் பாதி மானியம் உண்டு என்றாலும் மீதிப் பாதி விவசாயியின் கடன். பூ கொட்டினாலும் தவணை கட்டியாகணும். ஆகவே இந்த ஊருக்கு எழுதும் எந்தக் குறிப்பும் முதலில் சொல்ல வேண்டியது மே மாதத்தோடு மல்லுக்கு நிற்காதே என்பதை. சமவெளிக்குப் பக்கம் திறந்த நிழல்வலை போதும். சூடு தேங்காமல் வெளியேறும், செலவும் குறைவு. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை நிழலுக்கு வளர்த்தவர்கள் செய்ததும் இதுதான்: காற்றைத் தடுக்காமல் வெயிலை மட்டும் வடிகட்டினார்கள்.

ஏற்கெனவே குடில் போட்டாச்சா? கோடையில் பயிர் வைக்காதீங்க. மண்ணை நனைத்து, தெளிவான பாலித்தீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடி வையுங்க. வேர்முடிச்சு நூற்புழு பெருமளவு குறையும். குடிலில் அடுத்தடுத்துப் பயிர் வைப்பவர்களை அதிகம் வாட்டுவது அதுதான். பயிரைக் கெடுத்த அதே சூடு மண்ணைச் சுத்தம் செய்யும்.

விளக்கின் உயரம், ஏசியின் அளவு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் எந்த மாதம் நடுவது என்று ஒரு வரி எழுதுவதில்லை. மூடிய அறைக்கு மாதம் கிடையாது, அவர்களுக்கு அது தேவைப்படல. நமக்கு முதல் கேள்வியே அதுதான்.