ராதாபுரம்: கையெழுத்தும் வாக்கும்

தேர்தலை ஒரு பிரதியாக வாசிப்போம். 2016இல் ராதாபுரத்தில் இன்பதுரை அப்பாவுவை வென்றது 49 வாக்கில். செல்லாதெனத் தள்ளிய தபால் வாக்குகளோ 203. சான்றொப்பமிட்ட நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியருக்கு அந்த அதிகாரம் இல்லையாம். தபால் வாக்கு பெரும்பாலும் யாருடையது? தேர்தல் வேலைக்குப் போன ஊழியர்களுடையது. தேர்தலை நடத்தித் தர வாத்தியார் வேணும், அவர் கையெழுத்து மட்டும் ஆகாது.

மேற்பார்வை ஆணையத்துக்கு என்கிறது அரசியல் சட்டத்தின் 324ஆம் பிரிவு. முடிவை எதிர்க்க 329 விட்டுவைத்த ஒரே வாசல் தேர்தல் வழக்கு. ஆறு மாதத்தில் அதை முடிக்க முயல வேண்டுமென்பது 1951ஆம் ஆண்டுச் சட்டம். தலைமையாசிரியர் ஒப்பம் செல்லும் என்று உயர்நீதிமன்றம் சொல்லி மறுபடி எண்ணியது 2019 அக்டோபரில். எண்ணியாச்சு, முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் பேரவையின் ஆயுளே முடிந்தது. அவ்வாண்டு அப்பாவு வென்று சபாநாயகரானார், கணக்கு நேராயிற்று என்கிறார்கள் நண்பர்கள். அது அப்பாவுவின் கணக்கு. அந்த 203 பேர் வாக்குப் போட்டது 2016இல்.