கயாக்கில் கூடவே ஒரு தூண்டில்

புளோரிடாவின் கிழக்குக் கரையை ஒட்டி ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இந்தியன் ரிவர் காயல், பறவை பார்க்க வருபவர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும் ஒரே அளவில் பிரியமான நீர்ப்பரப்பு. 1903இல் தியோடர் ரூஸ்வெல்ட் அமெரிக்காவின் முதல் தேசிய வனவிலங்குப் புகலிடமாக அறிவித்த பெலிக்கன் தீவு இதற்குள்தான் இருக்கிறது. வடக்கே மெரிட் தீவுப் புகலிடத்தில், பனானா ரிவரின் ஒரு பகுதிக்குள் மோட்டார் படகு போகவே கூடாது. துடுப்புப் போட்டுத்தான் நுழைய முடியும். வழிகாட்டி ஒருவருடன் ஏழெட்டுப் பேர் கயாக்கில் சேர்ந்து போய் மேனட்டி என்ற கடற்பசு, டால்பின், கூழைக்கடா பார்த்துத் திரும்புவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் அரிது. அப்படிப் போகும் குழுவில் ஒருவர் இருவர் இருக்கைக்குப் பின்னால் தூண்டில் கோலையும் செருகிக்கொள்வது உண்டு. போகிற வழிதானே, சும்மா போட்டுப் பார்ப்போம் என்பது அவர்கள் நினைப்பு. மீன்பிடிப்பதையோ விலங்கு பார்ப்பதையோ நான் தவறென்று சொல்லவில்லை. இரண்டையும் தனித்தனியே செய்வதைவிட, இந்தச் ‘சும்மா’வில் கலந்து செய்யும்போது கேடு கூடுகிறது என்பதே என் வாதம்.

முதலில் இந்தப் பழக்கத்துக்குச் சேர வேண்டிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். மீன்பிடிப் பொழுதுபோக்குகளில் கயாக் மிகவும் சாதுவானது. எண்ணெய் கசியாது, கடற்புல் படுகையை உழுதுபோடும் சுழல்விசிறி கிடையாது, மேனட்டியின் முதுகைக் கிழிப்பதும் அதே விசிறிதான். தூண்டில் போடுபவருக்கு நீரைப் பற்றிய அறிவும் கூடுதல். கூழைக்கடா பாய்வதை மற்றவர்கள் வியந்து பார்க்கும்போது, கீழே மடவைக் கூட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது, வற்றத்தில் எந்தப் பள்ளத்தில் மீன் ஒதுங்கும் என்று அவர் அறிந்திருப்பார். 2011இல் காயலில் பாசி பெருகி வெளிச்சத்தை மறைத்தது. அதன்பின் மேனட்டிகளுக்கு இரையான கடற்புல் ஆண்டுக்கு ஆண்டு அழிந்தது. 2021இல் மாநிலம் முழுவதும் 1,100க்கும் மேற்பட்ட மேனட்டிகள் இறந்தன. அவற்றுள் பல இந்தக் கிழக்குக் கரையில் பட்டினியால் மடிந்தன. நீருக்கு மேலே மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு அந்தப் புல் படுவதில்லை. அதற்குள் மீன் தேடுகிறவருக்கு அது இல்லாமல் போனது உடனே உறைக்கும். பணக் கணக்கும் உண்டு: அமெரிக்காவின் 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி தூண்டில் பொருள்கள் மீது வாங்கப்படும் வரி மீன்வளப் பாதுகாப்புக்குப் போகிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் இந்த நன்மைகளில் ஒன்றுக்குக்கூட, பறவை பார்க்கும் குழுவின் நடுவே தூண்டில் போட்டாக வேண்டிய தேவை இல்லை.

தீமையோ அந்தக் கலப்பினால்தான் வருகிறது. கூழைக்கடா வந்த இடத்தில் மீன் இருக்கிறது. ஆகவே குழு பார்க்க நிற்கும் இடமும் தூண்டில் விழும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டு மீட்டர் இறக்கை விரிப்போடு நீரில் தலைகுப்புற விழும் பறவைக்கு ஒளி ஊடுருவும் தங்கூசி நரம்பு தெரியாது. சிக்கிய பறவையை என்ன செய்ய வேண்டும் என்பதில் புளோரிடா வனவிலங்குத் துறை தெளிவாக இருக்கிறது: நரம்பை அறுக்கக் கூடாது, மெல்லச் சுற்றி அருகே இழுத்து, தலையை மூடி, கொக்கியை எடுத்துவிட்டு விட வேண்டும். பாலத்திலோ தோணித்துறையிலோ இது நடக்கும். கைவலை இருக்கும், அலகைப் பிடிக்க இன்னொருவர் இருப்பார். ஆட்டம் காணும் ஒற்றை ஆள் கயாக்கில் உட்கார்ந்தபடி, அடித்துக்கொள்ளும் கூழைக்கடாவை மடியில் ஏந்துவது எப்படி? கவிழ்ந்துவிடுவோமோ என்ற பயத்தில் கத்தியை எடுப்பதுதான் பெரும்பாலும் நடக்கும். நரம்பு தொங்க அந்தப் பறவை அலையாத்திக் கிளைக்குத் திரும்பும். நரம்பு அங்கே சிக்கும். பறவை தொங்கியே சாகும். அதே நரம்பு பிறகு வேறொரு பறவைக்கும் சுருக்காகும். முழுநேரத் தூண்டில்காரர் இந்த ஆபத்தை எதிர்பார்த்து, பறவை நெருங்கினால் வீச்சையே நிறுத்துவார். பாதிக் கவனம் டால்பினிலும் பாதிக் கவனம் குழுவை விட்டு விலகாமல் இருப்பதிலும் இருக்க, பின்னால் நரம்பை இழுத்துக்கொண்டே துடுப்புப் போடுகிறவரிடம் அந்த நிதானத்தை எதிர்பார்க்க முடியாது.

பிடித்ததை விட்டுவிடுகிறோமே என்பார்கள். காயலின் ரெட் டிரம் மீனை, நம் கத்தாழை மீனின் உறவு அது, விட்டுத்தான் ஆக வேண்டும் என்று 2022இல் விதியே வந்தது. விடுவது நல்லதே. ஆனால் 2005இல் பார்த்தலமியூ, போன்சாக் என்ற ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விடப்பட்ட மீன்களில் சராசரியாக 18 விழுக்காடு இறந்திருந்தன. கொக்கி எங்கே தைத்தது, எவ்வளவு நேரம் கையாண்டார்கள் என்பதைப் பொறுத்து இது வெகுவாக ஏறி இறங்கும். எல்லாரும் படம் எடுத்து முடியும்வரை மீனைத் தூக்கிப் பிடிக்கும் குழுவில் அந்தக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று விளக்க வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. களைத்துத் தடுமாறும் மீனை எடுத்துக்கொள்ள டால்பின் வரும், கூழைக்கடா வரும். குழு மகிழும், இவ்வளவு பக்கத்தில் பார்த்தோமே என்று. ஆனால் அவர்கள் பார்த்தது காட்டுயிரின் இயல்பை அல்ல. படகைக் கண்டால் இரை கிடைக்கும் என்று பழகிய விலங்கின் காத்திருப்பை. டால்பினுக்கு இரை போடுவது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம். கை நீட்டிப் போடாவிட்டாலும், தூண்டில் அதே பாடத்தைத்தான் அதற்குக் கற்றுக்கொடுக்கிறது. எதைப் பார்ப்பதற்காக வந்தார்களோ அதையே இந்தப் பழக்கம் கெடுக்கிறது.

பார்க்கப் போவதும் தொந்தரவுதானே என்ற மறுப்புதான் வலுவானது. அதைத் தள்ளிவிட முடியாது. சத்தமில்லாமல் வரும் கயாக், அருகில் வந்த பிறகே கண்ணில் பட்டுப் பறவையைத் திடுக்கிட வைக்கும். புளோரிடாவில் ரோட்ஜர்ஸ், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் 1995இல் செய்த பரிந்துரைப்படி, நாரை, கொக்குகள் கூடு கட்டும் இடத்திலிருந்து சுமார் 100 மீட்டரும், ஆலாக்கள் கலந்து கூடு கட்டும் இடத்திலிருந்து 180 மீட்டரும் விலகி நிற்க வேண்டும். பல குழுக்கள் தூண்டில் இல்லாமலே இதை மீறுகின்றன. ஆனால் பார்க்க வந்த குழுவை வழிகாட்டி ஒரு சைகையில் திருப்பிவிடலாம். கொக்கியில் ரெட் டிரம் மாட்டிய கயாக்கைத் திருப்ப முடியாது. மீன் இழுத்த பக்கம், பெரும்பாலும் அலையாத்தி வேர்களின் பக்கம், அது போகும். உதவிக்கு இன்னும் இரண்டு படகுகள் பின்னாலேயே போகும். தொலைவைக் காக்கும் பொறுப்பு அந்த நேரத்தில் மீனின் கையில் இருக்கிறது.

ஆகவே தடை போட வேண்டியது மீன்பிடிப்புக்கு அல்ல, ஒரே பயணத்தில் இரண்டையும் கோப்பதற்கு. காலையில் பார்க்கட்டும், கரைக்கு வந்து, விரும்புகிறவர்கள் பறவைத் திட்டுகளுக்கு எதிர்த் திசையில் தனியே போய்ப் பிடிக்கட்டும், எதிர்முள்ளை நசுக்கிய ஒற்றைக் கொக்கியுடன், கைவலையுடன், சிக்கினால் உதவ இன்னொரு படகுடன். பயணம் நடத்துகிறவர்கள் இதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். நீரில் இறங்கிய பிறகு ஒருவர் கையிலிருந்து கோலைப் பிடுங்கும் சங்கடத்தை எந்த வழிகாட்டியும் விரும்பமாட்டார்.