கை கழுவும் கதைகள்

பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய கதை ஒன்றில் ஓர் அத்தை வருகிறாள். விருதுநகரில் சந்துக்குள் வீடு. கோடையில் ஒரு குடம் தண்ணீருக்குத் தெருவே காத்துக் கிடக்கும் ஊரில், அவள் மட்டும் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். மருமகள் சுமந்து வருகிறாள். அத்தை கொட்டித் தீர்க்கிறாள். வாசகர்கள் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சாத்தூரிலிருந்து ஓர் அம்மாள் மட்டும் கார்டு போட்டிருந்தார்: "எத்தனை குடம் செலவாயிற்று என்று கணக்காக எழுதியிருக்கிறீர்கள். கழுவினவளுக்கு எப்படி இருந்தது என்று எழுத மறந்துவிட்டீர்கள்."

இந்த உபாதையைப் பற்றிய எந்தக் கதையைப் படித்தாலும் அந்தக் கார்டை வைத்துத்தான் அளந்து பார்க்கிறேன்.

வைத்தியர்கள் இதை எண்ணச்சுழற்சி நோய் என்கிறார்கள். நாம் 'மடிப் பைத்தியம்' என்று ஒதுக்கிவிடுவோம். கதாசிரியர்களும் சுத்தம் அளவுக்கு மிஞ்சிப்போனது என்றே எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. வேண்டாத எண்ணம் ஒன்று வந்து பிடிக்கிறது. அதை அடக்க ஒரு செய்கை. செய்தவுடன் ஒரு கணம் நிம்மதி. அந்த நிம்மதியே அடுத்த சந்தேகத்துக்கு வித்து. தான் செய்வது அர்த்தமற்றது என்பது பெரும்பாலும் செய்கிறவருக்கே தெரியும். தெரிந்தும் விட முடியாது.

பிராய்டு 1909இல் வெளியிட்ட நோயாளி வரலாறு ஒன்றில் ஓர் இளைஞன் வருகிறான். காதலியின் வண்டி போகும் பாதையில் கல் கிடக்கிறது. வண்டிக்கு ஆபத்து வருமே என்று எடுத்து ஓரத்தில் போடுகிறான். சிறிது நேரத்தில் இது அபத்தம் என்று தோன்ற, திரும்பிப் போய் அதே கல்லை அதே இடத்தில் வைக்கிறான். பிராய்டின் வியாக்கியானங்களை இன்று எல்லா வைத்தியர்களும் ஏற்பதில்லை. அந்தக் கல்லை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. நாவலாசிரியன் பொறாமைப்பட வேண்டிய காட்சி.

1997இல் வந்த 'ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்' படத்தில் ஜாக் நிக்கல்சன் இந்த உபாதையுள்ள எழுத்தாளராக நடித்து ஆஸ்கார் வாங்கினார். நடைபாதை விரிசலை மிதிக்கமாட்டார். கை கழுவப் புதுப் புது சோப்பு. நானும் ரசித்துத்தான் பார்த்தேன். ஆனால் காதல் வந்ததும் விரிசலை மிதித்துவிடுகிறார். சினிமாவுக்கு அது சௌகரியம்.

ஜான் கிரீனின் 'டர்ட்டில்ஸ் ஆல் த வே டவுன்' (2017) அந்தச் சௌகரியத்தைத் தேடவில்லை. ஆசிரியரே இந்த உபாதையோடு வாழ்கிறவர். ஏசா என்ற பெண் தன் விரல் நுனிப் புண்ணை நகத்தால் திறக்கிறாள், துடைக்கிறாள், கட்டுகிறாள், மறுபடி திறக்கிறாள். கிருமிக்குப் பயந்து கை துடைக்கும் திரவத்தையே குடிக்கிறாள். காணாமற்போன பணக்காரரைத் தேடும் கதைச்சரடு எனக்குச் சவசவ என்றிருந்தது. ஆனால் அவள் தனக்குள்ளேயே வாதாடித் தோற்கும் பக்கங்களில் சாத்தூர் அம்மாளின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நாவல் முடியும்போதும் அவள் குணமாகிவிடவில்லை.

நம் பட்டாசுச் சீமையில் இப்படி ஒரு கதை எழுதுவது இன்னும் கடினம். இங்கே சந்தேகப்படுவதுதான் சட்டம். மருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பின் மின்னூட்டம் இறங்க உலோகத் தகட்டைத் தொட வேண்டும். அறைக்குள் இத்தனை பேருக்கு மேல் கூடாது. கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டதைக் கண்ட ஊர்க்காரனிடம் "இன்னொரு தடவை பார்க்காதே" என்று யார் சொல்வது?

சிவகாசியில் ஒரு போர்மேனை எனக்குத் தெரியும். "ஒரு எட்டு பாத்துட்டு வந்திருதேன்" என்று இரவில் இரண்டு முறை, மூன்று முறை சைக்கிளில் ஆலைக்குப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். அவர் இருக்கிற வரை பயமில்லை என்று தொழிலாளிகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் சைக்கிள் நிற்கவில்லை. "வேலைல இருந்தப்போ ஊரே கும்புட்டுச்சு தம்பி. இப்ப நான் ஒருத்திதான் முழிச்சுக் கெடக்கேன்" என்றார் அவர் மனைவி. எந்த இரவில் ஜாக்கிரதை முடிந்து நோய் தொடங்கியது? அந்த இரவைக் கண்டுபிடிக்கிறவன்தான் இந்தக் கதையை எழுத முடியும். வெடிமருந்தே நோயைக் கொண்டுவந்தது என்று எழுதிவிடுகிறவன் என்னைப் போலவே தவறு செய்வான். பட்டாசையே பார்க்காத ஊர்களிலும் பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ராஜம் கிருஷ்ணன் 'கூட்டுக்குஞ்சுக'ளில் தீப்பெட்டித் தொழிலில் வதங்கும் குழந்தைகளைக் காட்டினார். கூலியும் கொடுமையும் அங்கே கண்ணுக்குத் தெரிந்தன. போர்மேனின் சைக்கிள் கண்ணுக்குத் தெரியும். அதை மிதிக்க வைப்பது தெரியாது.

என் அத்தை கதையைத் தொகுதி ஒன்றில் சேர்க்கக் கேட்டார்கள். திருத்தித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். மருமகள் குடத்தை இறக்கும் சத்தம் வரை எழுதிவிட்டேன். அத்தை கையை நீட்டுகிறாள். அதற்குமேல் சாத்தூர் அம்மாளைத்தான் கேட்கவேண்டும். கார்டைத் திருப்பிப் பார்த்தேன், விலாசம் எழுதவில்லை.