கிரேசி மோகனின் சிரிப்பு

எண்வகை மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்திய தொல்காப்பியர் நகையைத்தான் முதலில் வைத்தார். ஆயினும் நம் இலக்கிய உலகம் சிரிக்க வைப்பவனைத் திண்ணையிலேயே அமர்த்திவிடுகிறது. மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் திரைக்கும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதிய கிரேசி மோகனுக்குத் தமிழக அரசின் கலைமாமணி விருது கிடைத்தது. எனினும் அவர் எழுத்தை எழுத்தாகவே எடுத்து ஆராய்ந்தோர் மிகச் சிலரே.

1952 அக்டோபரில் பிறந்தவர். நம் வேலூர் மறைமாவட்டம் உருவானதும் அதே ஆண்டில்தான். கிண்டியில் பொறியியல் பயின்று, தொழிற்சாலைப் பணியில் இருந்தவாறே நாடகம் எழுதினார். 1976 இல் எஸ்.வி. சேகருக்காக எழுதிய ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ அவருக்குப் பெயரையும் தந்தது, அடைமொழியையும் தந்தது. 1979 இல் சொந்தக் குழு கண்டார். தம்மை மேடையேற்றிய ஆசிரியையின் நினைவாகத் தம் நாயகியருக்கெல்லாம் ஜானகி என்றே பெயரிட்டார். நன்றியை இப்படியும் செலுத்தலாம் போலும்!

ஒருவர் சொன்ன சொல்லை அடுத்தவர் வேறு பொருளில் பற்றிக்கொள்வார். அதிலிருந்து மூன்றாமவர் இன்னொரு திசைக்கு இழுப்பார். இதுவே அவருடைய உத்தி. மேடையில் சிரிப்பலை அடங்கும்வரை நடிகர் காத்திருப்பார். தொலைக்காட்சிக்கு அந்த இடைவெளி கிடையாது. ஆதலால் சின்னத்திரையில் அவர் சிலேடைகள் சில வேளைகளில் மூச்சு முட்டுமாறு நெருக்கியடிக்கின்றன. திரைப்படத்திலோ சூழ்நிலையே அவருக்குக் கைகொடுத்தது. ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் (1990) விருந்துச் சாம்பாரில் மீன் விழுந்துவிட, சமையல்காரர் காமேஸ்வரன் படும் பாட்டில் சொல்லும் நிகழ்வும் பிரிக்க இயலாதவாறு கலந்துள்ளன.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் உலகம் நடுத்தரக் குடும்பத்தின் கூடம். வாடகை, மாமனார், பொய், ஆள்மாறாட்டம். ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலைகளில் கைகள் வெந்து உழைப்பவனுக்கு அங்கே இடமில்லை. ‘பஞ்சதந்திரம்’ போன்ற படங்களில் மனைவியரின் சந்தேகமும் கணவரின் பொய்யும் ஒரே தட்டில் நிறுக்கப்படுவதும் எனக்கு உவப்பானதன்று. ஆயினும், வேலை முடிந்து திரும்பிய அதே தொழிலாளி தொலைக்காட்சியின் முன் அமர்ந்து வாய்விட்டுச் சிரித்ததை அமிர்தியில் கண்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பை மறுக்க நமக்கு என்ன உரிமை? விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டென்று எழுதியவர் புனித தோமா அக்குவினாஸ். 1535 இல் கொலைமேடை ஏறும்போது, ஏறுவதற்குக் கைகொடுங்கள், இறங்குவதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்ற பொருளில் காவலரிடம் நகையாடியவர் புனித தாமஸ் மூர். மோகனின் நகைச்சுவையிலும் பகை இல்லை. ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் (1989) மேலதிகாரியின் ஒவ்வொரு அசட்டுத்தனத்தையும் மெச்சும் காவலரை நினைத்துப் பாருங்கள். அதிகாரம் நகைப்புக்குள்ளாகிறது, மனிதர் இழிவுபடவில்லை.

2019 ஜூன் 10 அன்று அவர் மறைந்தார். சிரிப்பெழுத்தாளர் என்றே அறியப்பட்ட அவர் மரபு வழுவாத வெண்பாக்களை ஆயிரக்கணக்கில் இயற்றியவர் என்பதைப் பலர் அதன் பின்னரே அறிந்தனர். அவற்றுள் பல ரமண மகரிஷியைப் பாடுபவை. அமிர்திக்குத் தெற்கே சவ்வாது மலையைக் கடந்தால், அந்தத் திருவண்ணாமலைதான்.